பாட்டு நின்னா, பையன் ரூமுக்கு வந்துட்டான்!

போன வருஷம் மதுரையில் ஒரு கல்யாணம். தூத்துக்குடியிலிருந்து விடிகாலை அஞ்சரை மணிக்குக் காரில் கிளம்பினோம். நான் ஓட்ட, பக்கத்தில் மனைவி, பின்சீட்டில் 80 வயது அம்மா. என் செல்போனிலிருந்து புளூடூத் வழியாகக் கார் ஸ்பீக்கரில் பி.சுசீலா பாடிக்கொண்டிருந்தார். எட்டயபுரம் நெருங்கும் நேரம், சரணத்தின் நடுவில் பாட்டு சட்டென்று நின்றுவிட்டது.

"என்னல, ஸ்டேஷன் போயிட்டோ?" என்று அம்மா கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஸ்டேஷன் போகலம்மா. ஒம் பேரன் டூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்துட்டான்" என்றேன்.

அம்மாவுக்குப் புரியவில்லை. ஆனால், ஒரே பாட்டுக் கணக்கை வீட்டில் நாலு பேர் பங்கு போட்டுக் கேட்கும் உங்களில் பலருக்கு இந்நேரம் புரிந்திருக்கும்.

ஒரு கணக்கு, பல காதுகள்

எங்கள் வீட்டில் அப்போது சந்தா கட்டிய பாட்டுக் கணக்கு ஒன்றே ஒன்றுதான். கட்டியவன் மகன். சென்னையில் ஐ.டி. வேலை, ராத்திரி ஷிப்ட். பாஸ்வேர்டை எனக்கும் கொடுத்திருந்தான். ஒருவர் கணக்கை அந்த ஒருவர்தான் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. நாங்கள் செய்தது சரியில்லை. அதற்கான தண்டனையும் தினமும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

தனிநபர் கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு கருவியில்தான் பாட்டு ஓடும். பாட்டு நம் போனில் இல்லை. எங்கோ இருக்கும் சர்வரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கிறது. யாருக்கு அனுப்புகிறோம் என்று சர்வர் கணக்கு வைத்திருக்கும். சென்னையில் மகன் பிளே பட்டனைத் தொட்டால், 'ஐயா இடம் மாறிவிட்டார்போல' என்று அது நினைத்துக்கொள்ளும். இங்கே என் பாட்டை நிறுத்திவிட்டு, 'வேறொரு கருவியில் ஒலிக்கிறது' என்று திரையில் ஒரு வரி காட்டும்.

மகன் காலையில் ஆறரை மணி வாக்கில் அறைக்கு வருவான். மெல்லிசாக ஏதாவது போட்டுக்கொண்டு தூங்கிவிடுவான். அதே நேரத்தில்தான் நான் ரோச் பூங்காவில் காதில் இயர்போனோடு நடந்துகொண்டிருப்பேன். தினமும் ஆறு நாற்பதுக்கு என் பாட்டு அறுந்துபோகும். முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. பாட்டு நின்றால், பையன் பத்திரமாக வந்து படுத்துவிட்டான் என்று அர்த்தம்.

கடல் தாண்டி வந்த பாட்டு

அம்மா கேட்ட 'ஸ்டேஷன்' எதுவென்று இந்தக் கரையில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொழும்புதான்.

1925 டிசம்பர் 16 அன்று கொழும்பில் வானொலி தொடங்கியது. 1949இல் அது ரேடியோ சிலோன் ஆனது. 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் மாறியது. எங்கள் ஊரில் எந்தப் பெயரும் கிடையாது. "சிலோன் வையி" என்றால் போதும்.

இங்கே ஆல் இந்தியா ரேடியோ இருக்கும்போது கொழும்புக்கு ஏன் போனார்கள்? 1952இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு சாஸ்திரீய சங்கீதத்தைக் கெடுத்துவிடும் என்று நினைத்தவர். அவர் காலத்தில் வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போனது. இந்தி கேட்கிறவர்களும் தமிழ் கேட்கிறவர்களும் மொத்தமாகக் கொழும்பு பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கியதற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம்.

எங்களுக்கு இன்னொரு வசதி இருந்தது. மத்திய அலை ஒலிபரப்பு தரையை ஒட்டித் தவழ்ந்து வரும். மண்ணிலும் பாறையிலும் அது சீக்கிரம் சோர்ந்துபோகும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், கடல் மேல் வரும்போது வலுக் குறையாமல் ரொம்ப தூரம் வரும். ரேடியோ அலைக்குக் கடல்தான் நல்ல ரோடு. அதனால்தான் சிலோன் ரேடியோ எங்கள் தெருவில் பக்கத்து வீட்டில் பேசுவதுபோலக் கேட்டது.

மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீது. இவர்கள் முகத்தை அம்மா பார்த்ததில்லை. குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். காலையில் 'பொங்கும் பூம்புனல்' தொடங்கும்போது அடுப்பில் இட்லிச் சட்டி ஏற வேண்டும். அதுதான் வீட்டுக் கடிகாரம்.

அந்த ரேடியோவில் நமக்கு வேண்டிய பாட்டை நாம் போட முடியாது. போட்டதைக் கேட்க வேண்டும். பாட்டு கேட்டு நேயர்கள் அனுப்பும் கடிதங்களில் இருக்கும் பெயர்களையும் ஊர்களையும் வாசிப்பார்கள். தெரியாத ஊரில் தெரியாத ஒருவர் ஆசைப்பட்ட பாட்டை நாமும் உட்கார்ந்து கேட்போம். ஒரே நேரத்தில், ஒரே பாட்டு, கடலுக்கு இரண்டு பக்கமும்.

குழாயும் குடமும்

இப்போது எங்கள் வீட்டில் அம்மாவுக்கு ஒரு போன், மனைவிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஹாலில் வாயால் சொன்னால் பாடும் ஸ்பீக்கர். அப்புறம் கார். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்.

காரின் குணம் வம்பு பிடித்தது. அம்மாவின் போனையும் ஒருமுறை காரோடு புளூடூத்தில் இணைத்துவிட்டேன். ஒரு நாள் வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்தால், உள்ளே அடுக்களையில் அம்மா கேட்டுக்கொண்டிருந்த பக்திப் பாட்டு தெருவே கேட்கும்படி காருக்குள் அலறியது. அடுக்களையில் அம்மா, "ஏல, ரேடியோவ யாரு நிறுத்துனா?" என்று கத்துகிறாள். கார் எந்தப் போனை முதலில் பார்க்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். வேண்டாத போனை காரின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

டேட்டா கணக்கைப் பலர் கேட்கிறார்கள். ரொம்ப எளிது. நொடிக்கு 160 கிலோபிட் தரத்தில் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 72 எம்.பி. செலவாகும். 320 கிலோபிட் என்றால் அதுபோல இரண்டு மடங்கு, 144 எம்.பி. தினம் ஒன்றரை ஜிபி தரும் பேக் வைத்திருப்பவர் நடுத்தரத்தில் பகல் பூராவும் பாட்டு கேட்டாலும் தீராது. ஆனால், வீடியோவை ஓடவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாட்டு மட்டும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பல மடங்கு போகும். ஓடுகிற காரில் இரைச்சலுக்கு நடுவே உயர்ந்த தரமும் நடுத்தரமும் பெரும்பாலான காதுகளுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும்.

அடுத்தது டவர். தூத்துக்குடி – மதுரை சாலையில் சில இடங்களில் சிக்னல் மெலிந்துபோகும். ஆனால், பாட்டு உடனே நிற்காது. காரணம், பாட்டுச் செயலி நமக்குத் தெரியாமல் அடுத்த சில நிமிஷத்துக்கான பாட்டை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும். குழாயில் தண்ணீர் வரும்போதே குடத்தில் பிடித்து வைக்கும் எங்கள் ஊர்ப் புத்திதான் அதற்கும். குடம் காலியாவதற்குள் குழாய் வந்துவிட்டால் நமக்கு எதுவும் தெரியாது. நீளமான பயணம் என்றால், கிளம்புவதற்கு முதல் நாளே வீட்டு வைஃபையில் பாட்டுகளை டவுன்லோடு செய்துவிடுங்கள். அது குடமல்ல, தொட்டி.

டவர் இல்லாத இடம்

தொட்டியின் அருமை தெரிந்தவர் திரேஸ்புரத்தில் எனக்குப் பழக்கமான அண்ணாச்சி ஒருவர். கடலுக்குப் போகிறவர்.

"கடல்ல பாட்டு கேப்பீகளா அண்ணாச்சி?"

"கரையிலருந்து கொஞ்ச தூரம் வரைக்கும் டவரு வரும். பொறவு ஒண்ணுங் கெடயாது. எம் மவன் போன்ல நூறு பாட்டு எறக்கிக் குடுத்தான். ஒரு நாளு நடுக்கடல்ல தொட்டா, இன்டர்நெட்டுக்கு வான்னு கூப்புடுது. எங்கிட்டுப் போக?"

டவுன்லோடு செய்த பாட்டு நம் சொத்து என்றுதான் நினைக்கிறோம். அப்படியில்லை. சந்தா உயிரோடு இருக்கிறதா என்று செயலி அவ்வப்போது சரிபார்க்கும். உதாரணத்துக்கு, ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒரு தடவையாவது இணையத்துக்கு வந்து முகம் காட்ட வேண்டும். இல்லையென்றால் இறக்கி வைத்த பாட்டு திறக்காது.

அண்ணாச்சி இப்போது மெமரி கார்டில் தனியாகப் பாட்டு வைத்திருக்கிறார். கூடவே பழைய டிரான்சிஸ்டர் ஒன்றும். "பேட்டரி போட்டா பாடும். அதுகிட்ட பாஸ்வேர்டு கேக்காது" என்று சிரித்தார்.

நம்முடைய பாட்டுப் பட்டியலுக்கும் இதே கதைதான். 2014இல் வந்த விங்க் மியூசிக் செயலியில் வருஷக்கணக்காகப் பாட்டு சேர்த்து வைத்தவர்கள் பலர். 2024இல் அதை மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்துவிட்டது. நாம் பீரோ என்று நினைத்தது வாடகை வீட்டு அலமாரி. ரொம்பப் பிடித்த பாட்டுகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

எட்டயபுரத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் காலமானது அந்த ஊரில்தான். அவருடைய கிருதிகள் காற்றோடு போய்விடக் கூடாது என்று, அந்தக் குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் அவற்றை ஸ்வரக் குறிப்போடு 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற நூலில் சேர்த்தார். 1904இல் எட்டயபுரத்திலேயே அது அச்சானது. இன்றைக்கும் வித்வான்கள் அதைப் புரட்டிப் பார்க்கிறார்கள். சந்தா முடிந்துவிட்டது என்று அந்தப் புத்தகம் மூடிக்கொள்ளவில்லை.

நாலு நாள் நிற்காத பாட்டு

இனி, இந்த வாரம் இதையெல்லாம் எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஐப்பசி. நல்ல மழை விட்டிருந்த ஒரு காலை. பூங்காவில் நடக்கிறேன். ஆறு நாற்பது தாண்டியும் பாட்டு நிற்கவில்லை. முழுசாக ஓடி முடிந்தது. 'பரவாயில்லையே' என்று சந்தோஷமாக இருந்தது. அசதியில் பாட்டு போடாமலே தூங்கியிருப்பான்.

மறுநாளும் நிற்கவில்லை. லீவு போட்டு நண்பர்களோடு எங்காவது போயிருப்பான்.

மூன்றாம் நாள் ஏழு மணி வரை நடந்தேன். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. என் காது பாட்டில் இல்லை. எப்போது நிற்கும் என்பதில் இருந்தது.

நாங்கள் தினம் பேசுகிற அப்பா, மகன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பத்து நிமிஷம் பேசுவான். கடைசியில் போன் என்னிடம் வரும். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்ப்பா." "சரி, வைக்கட்டா?" அவ்வளவுதான். பாட்டு நிற்கவில்லை என்பதற்காக நடுவாரத்தில் போன் செய்தால் என்ன நினைப்பான் என்று ஒரு கூச்சம்.

நாலாம் நாள் கூச்சத்தை விட்டேன். இரண்டு தடவை அடித்தும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. நாலு நாளாகக் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. தனியாக அறையில் பிஸ்கட்டும் தண்ணீருமாகப் படுத்திருக்கிறான். "உங்களை எதுக்குப் பதற வைக்கணும்னுதான்ப்பா சொல்லல."

அன்று ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினேன். காலையில் அவனைப் பார்த்தபோது எழுந்து உட்காரவே தெம்பில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சிக்கலாகியிருக்கும் என்றார் டாக்டர்.

டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது கேட்டான். "நான் யார்கிட்டயும் சொல்லலையே. எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க?"

"பாட்டு நிக்கல" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

கயிறு

எங்கள் கரையில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அந்தக் காலத்தில் குளித்தவர்களின் கதை மட்டும் இன்னும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. கல்லைக் காலில் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, முத்துப் பாருக்கு இறங்குவார்கள். கிடைக்கும் நேரம் ஒரு நிமிஷம்போல. படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருப்பவர் கயிற்றைச் சுண்டினால் மேலே இழுக்க வேண்டும். கயிற்றைப் பிடிக்கும் வேலையை மைத்துனனிடம்தான் கொடுப்பார்கள் என்று சொல்வார்கள். கூடப் பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் அவன் கை அயராதாம்.

கயிறு பிடிப்பவருக்குத் தண்ணீருக்கு அடியில் என்ன நடக்கிறதென்று தெரியாது. தெரியவும் வேண்டாம். கயிறு அசைகிறதா, அது போதும்.

ஆறு நாற்பதுக்கு நிற்கும் பாட்டு என் கைக்குக் கிடைத்த கயிறு. அவன் என்ன பாட்டு கேட்டான், யாரோடு பேசினான் என்று நான் பார்த்ததில்லை. பார்க்க நினைத்ததும் இல்லை. பிள்ளையின் போனைத் திறந்து பார்ப்பது வேறு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது வேறு. முதலாவதைச் செய்தால் பிள்ளை பாஸ்வேர்டை மாற்றிவிடுவான். மாற்றுவதுதான் நியாயம்.

ஆளுக்கொரு கணக்கு

உடம்பு தேறியதும் மகன் ஒரு காரியம் செய்தான். பொங்கலுக்கு வந்தவன், "இனிமே ஒங்க பாட்டை நான் நிறுத்த மாட்டேன்ப்பா" என்று சொல்லிக் குடும்பச் சந்தாவுக்கு மாற்றிவிட்டான். குடும்பச் சந்தா என்றால் ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கு ஆளுக்கொரு கணக்கு. சில செயலிகளில் இந்த விதி கொஞ்சம் மாறும். மகன் வசிப்பது சென்னையில் என்பதால் அவனுக்குத் தனிக் கணக்கு, எங்களுக்குக் குடும்பக் கணக்கு. உங்கள் செயலியில் என்ன விதி என்று படித்துவிட்டுச் சேருங்கள். அவரவர் பாட்டு, அவரவர் பட்டியல். யாரும் யாரையும் நிறுத்த முடியாது.

தை பிறந்தது. பூங்காவில் நடக்கிறேன். ஆறு நாற்பது. பாட்டு பாடிக்கொண்டே இருக்கிறது. விதிப்படி எல்லாம் சரியாகிவிட்டது. எனக்குத்தான் கை வெறுமையாக இருந்தது.

ஒரு வாரம் பொறுத்துவிட்டு மகனிடம் சொன்னேன். சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அவன் சிரிக்கவில்லை. பத்து நிமிஷத்தில் ஒரு பாட்டுப் பட்டியலை உருவாக்கி எனக்கு அனுப்பினான். இருவரும் பாட்டு சேர்க்கக்கூடிய கூட்டுப் பட்டியல். பல செயலிகளில் இந்த வசதி இருக்கிறது. பட்டியலை உருவாக்குபவர் மற்றவர்களுக்கு அழைப்பு அனுப்பினால் போதும். பட்டியலுக்கு அவன் வைத்த பெயர் 'ஸ்டேஷன்'.

ஏற்பாடு இதுதான். அறைக்கு வந்து படுக்கும் முன் அவன் ஒரு பாட்டு சேர்ப்பான். நான் நடந்து முடித்து, பதிலுக்கு ஒன்று சேர்ப்பேன். 'வந்துட்டேன்', 'சரி' என்று இரண்டு வார்த்தை அனுப்பினாலும் இதே வேலைதான் நடக்கும். ஆனால், அப்பாக்களும் மகன்களும் அந்த இரண்டு வார்த்தையைத் தினம் அனுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். பாட்டு என்றால் கூச்சமில்லை.

உங்கள் பிள்ளை சென்னையிலோ, துபாயிலோ, சிங்கப்பூரிலோ இருந்தால் இன்றே இப்படி ஒரு பட்டியல் தொடங்கிப் பாருங்கள். காரில் போகிறவர்கள் கிளம்பும் முன்பே பட்டியலை ஓடவிட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடியுங்கள். ஓட்டும்போது போனில் பாட்டு தேட வேண்டாம். பழைய காரில் புளூடூத் இல்லையென்றால் ஆக்ஸ் துளையில் செருகும் சின்ன புளூடூத் ரிசீவர் கடைகளில் கிடைக்கிறது.

ஐந்து மாதத்தில் எங்கள் 'ஸ்டேஷ'னில் முந்நூறு பாட்டு சேர்ந்துவிட்டது. அவன் போடுவதில் பாதி எனக்குப் புரிவதில்லை. நான் போடுவதை அவன் முழுசாகக் கேட்பானா என்பதும் சந்தேகம்தான். அம்மாவும் அவ்வப்போது தன் விருப்பத்தைச் சொல்வாள். நான் சேர்த்துவிடுவேன். கடிதம் போட்டு வாரக்கணக்கில் காத்திருந்தவள், உடனே பாடுவதைப் பார்த்து இன்னும் நம்பாமல்தான் இருக்கிறாள்.

நேற்று காலை ஆறு நாற்பத்தைந்துக்குப் பட்டியலில் புதுப் பாட்டு விழுந்தது. அன்றைக்குக் காரில் பாதியில் நின்றுபோன அதே சுசீலா பாட்டு. வீட்டுக்கு வந்து ஹால் ஸ்பீக்கரில் போட்டேன். காபி டம்ளரோடு அம்மா கடைசி வரி வரை கேட்டாள்.

"ஒம் பேரன் போட்டதும்மா. ரூமுக்கு வந்துட்டான்னு அர்த்தம்" என்றேன்.

"அது சரி. பாட்டு போட்டாம்லா, சாப்பிட்டானா? போனப் போட்டுக் கேளு."

கேட்டேன்.